கொறங்காட்டில் ஒரு முனைவர் பட்டம்

கொங்குநாட்டுக்கு வெளியிலிருந்து வரும் நண்பர்கள் முதலில் தடுமாறும் சொற்களில் ஒன்று 'காடு'. வாசலில் நின்று குரல் கொடுத்தால், "அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று வீட்டுச் சிறுமி பதில் சொல்வாள். வந்தவர் யானையையும் புலியையும் நினைத்துக்கொள்வார். அப்பாவோ கூப்பிடு தூரத்தில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் கிணற்றுநீர் பாயும் நிலம் தோட்டம். வாய்க்கால்நீரோ குளத்துநீரோ பாயும் நிலம் வயல். வானத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும் நிலம் காடு. அதில் விதைத்தால் சோளக்காடு, கம்பங்காடு, கடலைக்காடு. விதைக்காமல் புல்லுக்கும் வேலமரத்துக்கும் கால்நடைக்கும் விட்டுவைத்தால் அது கொறங்காடு. யானை உலவும் இடத்தை நாங்கள் பெரும்பாலும் மலை என்றே சொல்லிவிடுவோம்.

இந்தச் சொல்வழக்கு வெறும் வட்டாரச் சுவை அன்று, அதற்குள் ஒரு நிலத்தைப் பற்றிய நுட்பமான அறிவு தங்கியிருக்கிறது என்பதை அக்கா மகளின் ஆராய்ச்சி வழியாகவே நான் உணரத் தொடங்கினேன். அவள் தாவரச் சூழலியலில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கிறாள். ஆய்வுப்பொருள், சவானா நிலங்களின் புல்வகைகள். குடும்பத்தில் நடந்த ஒரு சீரின்போது என் பெரியப்பா அவளிடம் கேட்டார்: "ஏம்மிணி, புல்லைப் படிக்கறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் தர்றாங்க?" அவள் சிரித்துக்கொண்டே, "மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவங்களுக்குத் தர்றாங்கல்லங்க அப்புச்சி, மாடு திங்கறதுக்கும் தரட்டுமுங்க" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்படீன்னா நம்ம கொறங்காட்டை வந்து பாரு" என்றார்.

சவானா என்றதும் நம் மனத்தில் எழுவது ஆப்பிரிக்கா. தொலைக்காட்சியில் வரிக்குதிரைகள் ஓடும் மஞ்சள் நிறச் சமவெளி. பள்ளிப் பாடநூல்களும் அதை ஆப்பிரிக்காவுக்கே எழுதிவைத்துவிட்டன. ஆனால் சூழலியலாளர்கள் தரும் வரையறை மிக எளியது. மரமும் புல்லும் சேர்ந்து வாழும் நிலம் அது. மரங்கள் உண்டு, ஆனால் அவற்றின் கிளைகள் ஒன்றோடொன்று முட்டி வானத்தை மூடிவிடுவதில்லை. அதனால் வெயில் தரையைத் தொடுகிறது. வெயில் தொடுவதால் புல் தரையை மூடுகிறது. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை 'சி4' எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையைக் கைக்கொண்டவை. கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் செழிக்கும் அவற்றுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, நிழல். இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இவ்வகைப் புற்கள் பெருகிப் பரவியதற்கு இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் சான்றுகள் கிடைத்துள்ளன. மனிதன் கோடரியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல் நிலங்கள் இருந்தன.

மரமும் புல்லும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது சூழலியலின் பழைய கேள்விகளில் ஒன்று. 2005இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆப்பிரிக்கச் சவானாக்களில் 854 இடங்களின் தரவுகளைத் தொகுத்து இதற்கு ஒரு விடை சொன்னது. ஆண்டுமழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் குறைவாக உள்ள இடங்களில் நீர்ப்பற்றாக்குறையே மரங்களை அடர விடாமல் தடுக்கிறது. அதற்கு மேல் மழை பெய்யும் இடங்களில் மரங்கள் வானத்தை மூடிவிட முடியும். அங்கே அவற்றைக் கட்டுக்குள் வைப்பவை தீயும் மேயும் விலங்குகளும். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் மகேஷ் சங்கரன். இப்போது பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணிபுரியும் அவர், தம் முனைவர் பட்ட ஆய்வைச் செய்த இடம் ஆப்பிரிக்கா அன்று. நம் திருநெல்வேலிச் சீமையின் களக்காடு–முண்டந்துறை.

அந்த ஆய்வைப் பற்றி அக்கா மகள் சொல்லக் கேட்டபோது ஓர் இலக்கிய மாணவனுக்குரிய வியப்பு எனக்கு ஏற்பட்டது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. மலைகளின் இடைப்பட்ட உயரங்களில், எலுமிச்சை மணம் வீசும் உயர்ந்த புற்கள் மண்டிய வெளிகள் அங்கே உண்டு. பாதுகாப்பு என்று வந்ததும் இரண்டு காரியங்கள் முதன்மை பெற்றன. கால்நடை உள்ளே வரக்கூடாது, தீ பற்றக்கூடாது. நியாயமாகத் தோன்றும் இவ்விரண்டும் அந்தப் புல்வெளிக்கு என்ன செய்யும்? சங்கரன் எடுத்துக்கொண்ட கேள்விகள் இதைச் சுற்றியவை.

அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் செரெங்கெட்டி புல்வெளிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவருமான சாமுவேல் மக்நாட்டனுடன் இணைந்து அவர் 1999இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, இந்தக் களத்திலிருந்து பிறந்தது. உயிரினங்களின் வகை பெருகப் பெருக ஒரு சமூகம் நிலையாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. தென்னிந்தியச் சவானாப் புல்வெளிகளில் அது அப்படியே மெய்ப்படவில்லை. தமக்குப் பழக்கமான இடையூறுகளை எதிர்கொண்டபோது, வகைகள் குறைந்த புற்சமூகங்களே தம் உள்ளமைப்பைக் கூடுதலாகத் தக்கவைத்துக்கொண்டன. எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த இடத்தின் கடந்தகாலமும், அது எவ்வகை இடையூறுகளோடு வாழ்ந்து பழகியது என்பதும் முக்கியம் என்று அந்தக் கட்டுரை வாதிட்டது. வரலாறு என்பது மனிதர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருப்போருக்கு இது ஒரு புதிய செய்தி. ஒரு புல்வெளிக்கும் பழக்கங்களும் நினைவும் உண்டு.

*

இதை முல்லைத்திணையோடு சேர்த்து எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வகுப்பில் முல்லையைக் 'காடும் காடு சார்ந்த இடமும்' என்று சொல்லித்தருகிறோம். ஒருமுறை மாணவர்களிடம், முல்லை நிலத்தை வரைந்து வாருங்கள் என்றேன். ஏறக்குறைய எல்லாரும் வால்பாறையை வரைந்து வந்தார்கள். வானுயர்ந்த மரங்கள், கொடிகள், இருள், அருவி. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நாங்கள் பாடல்களுக்குள் போனோம். தலைவன் வினைமுடித்து விரைந்து திரும்புகிறான். எதில்? தேரில். வால்பாறைக் காட்டில் தேர் ஓடுமா? வழியில் அவன் காண்பது இரலைமானும் அதன் பிணையும் மழைக்குப்பின் துள்ளித் திரிவதை. இரலை திறந்தவெளியின் விலங்கு. இருண்ட காட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. கொன்றை, காயா, குருந்தம், பிடவம் ஆகியவையும் மழைக்காட்டின் அடையாளங்கள் அல்ல. வெயில் விழும் வறண்ட பரப்பிலும் புதர்க்காட்டிலும் பூப்பவை. வரகும் சாமையும் மானாவாரித் தானியங்கள். மக்கள் ஆயர், அவர்களின் செல்வம் ஆநிரை. ஆநிரை மேய்வதற்குப் புல் வேண்டும். புல்லுக்கு வெயில் வேண்டும்.

தொல்காப்பியம் முல்லைக்குப் பெரும்பொழுதாகக் காரையும் சிறுபொழுதாக மாலையையும் வகுத்திருப்பதை அகப்பொருள் நோக்கில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். தலைவியின் இருத்தலுக்கு ஏற்ற பொழுதுகள் அவை. ஆனால் மேய்ப்பவனின் கண்ணால் பார்த்தாலும் அவை பொருந்திப்போகின்றன. கார் என்பது புல் எழும் காலம். மாலை என்பது மந்தை வீடு திரும்பும் நேரம். முல்லை என்று நம் முன்னோர் குறித்த காடு, மரமும் புல்லும் கால்நடையும் சேர்ந்த வெளி. இன்றைய சொல்லில் சவானா. எங்கள் ஊர்ப்பக்கத்துக் 'காடு' என்ற சொல்வழக்கு அந்தப் பழம்பொருளின் மிச்சமாகவே எனக்குப் படுகிறது. இதை மொழியியல் முடிவாக அன்று, ஒரு வாசகனின் வாசிப்பாகவே முன்வைக்கிறேன்.

அந்த இரலையை இன்று நாம் வெளிமான் என்கிறோம். சொல்லிலேயே வெளி இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்து அவிநாசிக்கு அருகே புதுப்பாளையம் பகுதியில், விளைநிலங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையில் அவை மனிதரோடு சேர்ந்து வாழ்ந்துவருகின்றன.

*

இடையில் இந்த நிலத்துக்கு வேறு பெயர்கள் வந்தன. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. வெட்டுமரத்தை மதிப்பாகக் கொண்ட வனவியலுக்கு மேய்ச்சலும் தீயும் எதிரிகள். 1936இல் சாம்பியன் வகுத்த இந்தியக் காட்டு வகைப்பாடு, பின்னர் சேத்துடன் சேர்ந்து 1968இல் திருத்தப்பட்டது. இன்றும் அதுவே நம் வனத்துறையின் அடிப்படை. அந்த வகைப்பாட்டின் பார்வையில், புல் நிறைந்த திறந்த மரவெளிகள் பெரும்பாலும் மனிதரும் மாடும் கெடுத்துவைத்த காடுகளாகவே தெரிந்தன. வளர முடியாமல் நின்றுபோன காடு. அல்லது சிதைந்த காடு. ஆசியச் சவானாக்களின் தொன்மையைப் பற்றி ஜெயஸ்ரீ ரத்னம், சங்கரன் முதலியோர் 2016இல் எழுதிய ஆய்வுரை இந்தப் பார்வையை நேரடியாக மறுத்தது. நாம் வறண்ட இலையுதிர்காடு என்று அழைக்கும் பல நிலங்கள் உண்மையில் தொன்மையான சவானாக்கள் என்பதும், அவற்றின் தாவரங்கள் தீயோடும் மேய்ச்சலோடும் சேர்ந்து பரிணமித்தவை என்பதும் அவர்களின் வாதம்.

வருவாய்த்துறையின் பெயர்கள் தனி. தரிசு, புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு. 2000இல் இந்திய அரசு முதன்முதலாக வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் இடம்பெற்றன. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. தொழிற்பேட்டை அமைக்கலாம், மனை பிரிக்கலாம், ஒன்றுமில்லை என்றால் மரமாவது நடலாம். 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகில் 90 கோடி ஹெக்டேர் பரப்பில் புதிதாக மரங்கள் வளர இடமிருக்கிறது என்று கணக்கிட்டபோது, அந்த இடங்களில் கணிசமானவை தொன்மையான புல்வெளிகளும் சவானாக்களும் அல்லவா என்று உலகெங்கிலுமிருந்து சூழலியலாளர்கள் எதிர்வினை எழுதினார்கள். புல்நிலம் தன் கரிமத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில், தீ எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அவர்கள் நினைவூட்டினார்கள்.

நான் வசிக்கும் மதுக்கரை, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல். சுண்ணாம்புக்கல் பூமி, அதை நம்பியே 1930களில் இங்கே சிமெண்ட் ஆலை வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடும் பெருவேகத்தோடும் கணவாய் வழியே எங்களிடம் வந்து சேர்கிறது. எங்களுக்கு உண்மையான மழை ஐப்பசியில்தான். பங்குனி, சித்திரையில் தர்மலிங்கேசுவரர் மலைச் சரிவுகளைப் பார்ப்பவர்கள் இது செத்துப்போன பூமி என்றே நினைப்பார்கள். மழை விழுந்த பத்தாம் நாள் அதே சரிவு பச்சைப்பசேல் என்றிருக்கும். புல்லின் உயிர்முனை தரையை ஒட்டியோ தரைக்குள்ளோ இருப்பதால், மேலே காய்ந்தாலும் கடித்தாலும் எரிந்தாலும் அது மீண்டும் எழுகிறது.

எங்கள் கல்லூரி மாணவர்கள் ஒரு மழைக்காலத்தில் இத்தகைய ஒரு வெற்றுச்சரிவில் ஐந்நூறு கன்றுகள் நடத் திட்டமிட்டபோது, அக்கா மகளை அழைத்துவந்து அவர்களோடு நடக்கவிட்டேன். அவள் எதையும் தடுக்கவில்லை. பி.வி.சி. குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னாள். மாணவர்கள் முதலில் 'புல்' என்று ஒன்று எண்ணினார்கள். அரைமணி நேரத்தில் அது பதினான்காயிற்று. விஷ்ணுகிரந்தியின் நீலப்பூவை அன்றுதான் பலர் முதன்முதலாகக் குனிந்து பார்த்தார்கள். அதன் பிறகு அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். கன்றுகள் கல்லூரி வளாகத்துக்கும் சாலையோரத்துக்கும் போயின. மரம் நடுவது நல்ல காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. எங்கே நடுவது என்பதற்கு முன், அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

திறந்தவெளியை அழிப்பவை நடப்பட்ட மரங்கள் மட்டுமல்ல. வேறு கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் தாமாகவே நுழைந்து புல்லை நெரித்துவிடுகின்றன. மேய்ப்பும் பராமரிப்பும் நின்ற இடங்களில் அவற்றின் கை ஓங்குகிறது. பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் எல்லா நிலமும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற எண்ணமும் இங்கே சரியாக வருவதில்லை.

*

இங்கேதான் கொறங்காடு முக்கியமாகிறது. மூலனூர், வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம், கரூர்ப் பகுதிகளில் இன்றும் எஞ்சியிருக்கும் இந்த மேய்ச்சல் நிலங்கள் அரசு நிலங்கள் அல்ல, வனத்துறைக்கு உட்பட்டவையும் அல்ல. தனியாரின் பட்டா நிலங்கள். சில ஏக்கர் கொண்ட ஒவ்வொரு காட்டைச் சுற்றிலும் முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல் மரங்கள். தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல்லும் அதனூடே பலவகைச் செடிகொடிகளும். மழை விழுந்ததும் படலை அடைத்துவிடுவார்கள். புல் எழுந்து நிலைபெற்ற பிறகே மாடு உள்ளே போகும். ஒரு காட்டில் மேய்ந்து முடிந்தால் அடுத்த காடு. கோடையில் புல் காய்ந்துபோகும்போது வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விதை வேறிடத்துக்குப் போய் முளைக்கும். புல்லுக்கு மேய்ச்சலும், மரத்துக்கு ஆடும், மாட்டுக்கு இரண்டும் தேவைப்படும் இந்த ஏற்பாட்டை ஒரு நிறுவனமும் வகுத்துத் தரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமியில், பஞ்சத்தைப் பார்த்த குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துச் சேர்த்த அறிவு இது.

காங்கயம் மாடு இந்தப் புல்லில் உருவான இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதைப் பேணி வளர்த்த கதை பலருக்கும் தெரியும். 2017 தைமாதத்தில் சல்லிக்கட்டுக்காகத் தமிழகமே திரண்டபோது காங்கயம் காளையின் படம் இல்லாத சுவரொட்டியைக் காண்பது அரிதாக இருந்தது. காளை நிற்கும் தரையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

புல்லை ஆராய்வது கோவைக்குப் புதிதும் அல்ல. இங்குள்ள வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த க. ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புல்வகைகளுக்கான கையேடு ஒன்றை 1921இல் வெளியிட்டார். தடுலிங்க முதலியார் அதற்குத் துணைநின்றார். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் பயிர்க்கரும்பைக் காட்டுநாணலோடு கலந்து உருவாக்கிய கோ.205 என்ற வகை 1918இல் வெளிவந்தது. வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே கோவைக் கரும்புகள் மாற்றின. யாரும் பொருட்படுத்தாத ஒரு புல்லிடம் இருந்த வலிமைதான் அதற்குக் கைகொடுத்தது. ஜானகி அம்மாள் தம் ஆய்வுகள் சிலவற்றைச் செய்ததும் அதே நிலையத்தில்தான். புல்லைப் படிப்பதற்கு ஒரு பட்டமா என்ற கேள்விக்கு, கேட்டவருக்கு மிக அருகிலேயே விடை இருக்கிறது.

*

எங்கள் குடும்பத்துக்கு மூலனூருக்கு அருகே ஏழு ஏக்கர் கொறங்காடு உண்டு. தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரிக்காதது. பெரியப்பா ஒருவர்தான் அங்கே இருந்து பார்த்துக்கொள்கிறார். எழுபத்தெட்டு வயது. ஒருகாலத்தில் பன்னிரண்டு உருப்படிகள் நின்ற கட்டுத்தரையில் இன்று இரண்டு மயிலைப் பசுக்களும் ஒரு கிடாரிக்கன்றும். கடைசி எருதுகளைக் கண்ணபுரம் சந்தையில் விற்று வந்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். மகன்கள் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறார்கள், நான் இங்கே. மாடு மேய்க்க ஆள் இல்லை. இருந்தாலும் கூலி கட்டுப்படியாகாது.

சூரிய மின்னுற்பத்திக்கு நிலம் தேடும் தரகர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகை. பெரியப்பாவின் மகன்கள் சம்மதம். என் பங்குக்கு நானும் அக்காவும் கையெழுத்திடவேண்டும். அந்தத் தொகை எனக்குத் தேவையில்லை என்று சொன்னால் அது பொய். மகளின் படிப்புச் செலவு வாசலில் நிற்கிறது. கரி எரிக்காத மின்சாரம் வேண்டும் என்று வகுப்பில் பேசுபவனும் நானே. எதிர்த்தரப்பில் கெட்டவர் என்று யாரும் இல்லாத வழக்கு இது. வேலிக் கிளுவையைப் பிடுங்கி, முப்பது நாற்பது வேலமரங்களை அறுத்து, தரையைச் சமன்படுத்தித் தகடுகளை நிறுத்துவார்கள். ஆவணத்தில் அது புன்செய். எழுதவேண்டிய இழப்பு என்று அதில் எதுவும் இராது.

அக்கா மகள் அங்கே வேலையைத் தொடங்கி இரண்டு மழை ஆகிவிட்டது. காட்டின் ஒரு பகுதியில் சிறுசிறு சதுரங்களாகக் கம்பிவலை அடித்து, மாடு வாய்வைக்காத புல்லும் வாய்வைத்த புல்லும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கிறாள். அறுத்த புல்லை உலர்த்தி எடை போடுகிறாள். பெரியப்பா காலையில் நாற்காலியைக் கொண்டுவந்து வேலமரத்தடியில் போட்டுக்கொள்வார். அவள் சட்டத்தைத் தரையில் வைத்து இலத்தீன் பெயர் சொல்வாள். அவர் ஊர்ப்பெயர் சொல்வார். கொழிஞ்சி, செப்புநெருஞ்சி, துத்தி போன்றவை எனக்கும் தெரிந்தவை. அவர் சொல்லும் சில பெயர்கள் நான் புரட்டிய அகராதிகள் எதிலும் கிடைக்கவில்லை. எது மாட்டுக்குப் பால் ஊறச்செய்வது, எது மழை பிந்தினாலும் காத்திருப்பது, எது தலைகாட்டினால் காடு களைத்துவிட்டது என்று பொருள், அப்போது ஓராண்டு உழுது விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வருகிறது. நான் ஒரு குறிப்பேட்டில் அவற்றை எழுதிக்கொள்கிறேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஊர்ப்பெயர்ப் பட்டியல் என்று ஒரு பகுதி வரும். அதை ஒழுங்குசெய்வது என் பொறுப்பு.

தரகர் மறுபடி வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்கா மகளைப் பார்த்தேன். நிலத்தைக் காப்பாற்றுங்கள் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. "எனக்கு இன்னும் மூணு மழை வேணுங்க மாமா. நல்ல மழை ஒண்ணு, பொய்ச்ச மழை ஒண்ணு வந்தாத்தான் கணக்கு நிக்கும்" என்றாள். புல்வெளியின் நினைவைப் பற்றி அறிய விரும்புபவர்களுக்கு ஓர் ஆண்டின் கணக்கு போதாது. நீலகிரி அடிவாரத்து முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988இல் அளந்து குறித்த 50 ஹெக்டேர் காட்டில் இன்றுவரை மரங்களை எண்ணிவருகிறார்கள். தீ வந்த ஆண்டும் மழை பொய்த்த ஆண்டும் அந்தக் கணக்கில் உண்டு.

பெரியப்பா தரகரிடம் சொன்னார்: "புள்ளை மூணு மழை பாக்கோணுங்கறா. பாத்துட்டுப் போகட்டுமுங்க. அதுக்கப்புறம் வாங்க, பேசிக்கலாம்."

தரகர் காத்திருக்கப் போவதில்லை. அவருக்குப் பக்கத்திலேயே வேறு காடுகள் கிடைக்கும், கிடைத்துவிட்டதாகவும் கேள்வி. பெரியப்பாவின் மகன்களுக்கு வருத்தம்தான். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. கல்விக்கடனுக்கு வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மூன்று மழைக்குப் பிறகு அந்த ஏழு ஏக்கர் என்ன ஆகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் குறிப்பேட்டில் இன்னும் எத்தனை பெயர்களைச் சேர்க்க முடியும் என்பதே என் கவலை. சென்ற வாரம் வரை நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது.